ஊடலின் காரணம்: மருதப் பாடல்களும் காமத்துப்பாலும்

ஊடலைக் காதலின் சுவை கூட்டும் சிறு பிணக்கு எனக் கொள்வது நம் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. புலவி இளையது, துனி முதிர்ந்தது எனப் பரிமேலழகர் வகுத்த அளவே அதற்குப் போதிய விளக்கமாகவும் கருதப்படுகின்றது. பிணக்கின் அளவைக் கூறும் இப்பாகுபாடு அதன் காரணத்தைப் பற்றி யாதும் கூறாமை நோக்குதற்குரியது.

மருதத்தில் காரணம் வெளிப்படையானது. தலைவன் பரத்தையிற் பிரிந்து மீள்கின்றான். தலைவி வாயில் மறுக்கின்றாள். ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று மருதம் நூறனுள் புலவிப் பத்து என ஒரு பகுதி உண்டு. அதன் முதற்பாட்டு, ஈன்ற பார்ப்பையே தின்னும் அன்பற்ற முதலை வாழும் ஊரினன் எனத் தலைவனைச் சுட்டுகின்றது. இதனை விளையாட்டுச் சினம் என்று கொள்ளல் எங்ஙனம்? பொய்கையும் பூவும் நிறைந்த அவ்வூரின் வளமே கொடுமையின் உறைவிடமாகக் காட்டப்படுகின்றது. திணைக் கோட்பாட்டின் சமூக, பொருளாதார அடிப்படையைக் கா. சிவத்தம்பி 1974ஆம் ஆண்டில் ஆராய்ந்தபின், மருதத்து ஒழுக்கத்தை அந்நில உடைமையுறவினின்று பிரித்து நோக்குதல் எளிதன்று.

தொல்காப்பியக் கற்பியல் வாயில்களாகப் பன்னிருவரை எண்ணுகின்றது. தலைவனின் பொருட்டு இரந்து நிற்கப் பாணனும் விறலியும் பார்ப்பானும் உளர். தலைவிக்கு உற்ற துணையான தோழியின் பெயரோ அப்பட்டியலிலேயே முதலாவதாக நிற்கின்றது! கதவடைத்தல் ஒன்றே தலைவியின் வலிமை. அதுவும் நெடிது நீடிப்பதில்லை.

வள்ளுவர் இந்நிலையை மாற்றினார். காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடல் பற்றியனவே. அவற்றுள் புலவி நுணுக்கத்தில் பிணக்கிற்குக் காரணமாவன தும்மலும், சூடிய பூவும், நினைத்தேன் என்ற சொல்லுமே. பரத்தன் என்னும் விளி ஓரிடத்தில் எஞ்சியுள்ளது. ஆயினும் அங்கும் பிற மகளிர் அவனைக் கண்ணால் நோக்குகின்றனர், அவ்வளவே. தலைவன் குற்றமற்றவனாதலின் ஊடலில் தோற்றவர் வென்றவராகின்றார். ஒருவனும் ஒருத்தியும் நிகராக நின்று பிணங்கும் காதலைத் தமிழ்க் கவிதை இங்குப் பெறுகின்றது. இது பெரும் பேறே என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் இப்பேற்றிற்கு ஒரு விலை உண்டு. காரணம் கற்பனையானதும் சினமும் பேதைமையின் அழகாகின்றது. உண்மையாகவே வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் குரலுக்கு இவ்வதிகாரங்களில் இடமில்லை. வள்ளுவர் அவ்வொழுக்கத்தைக் கண்டியாமல் விட்டாரல்லர். பொருட்பாலின் வரைவின் மகளிர் என்னும் அதிகாரம் அதற்கே உரியது. ஆனால் அங்குப் பேசுபவர் நூலாசிரியர், கேட்பவன் ஆடவன். முதலையைச் சுட்டிப் பேசிய மனைவி அவ்விடத்தும் வாய் திறக்கவில்லை.