தாய்த் தெய்வத்தின் சினம்
(ஒரு யப்பானியச் சித்திரத் தொடர் பற்றிய ஆய்வு)

காவியமாயினும் நாடகமாயினும் கதைத் தலைவனின் பெருமை, அவனை எதிர்த்து நிற்போரின் பெருமையைக் கொண்டே அளக்கப்படும். எதிர்நிலைப் பாத்திரம் இழிந்ததாயின் வெற்றியும் இழிந்ததாகும். எதிர்த்து நிற்பவன் மனிதனாயின் அவனைப் படைத்தல் அத்துணைக் கடினமன்று. தெய்வமே எதிரியாக வருங்கால், படைப்போனுக்கு இருவகை இடர்ப்பாடு நேர்கின்றது. தெய்வத்தை மனித அளவுக்குக் குறுக்கிவிட்டால் அதன் தெய்வத்தன்மை கெடும். புயலும் வெள்ளமும் போலப் பெருக்கிவிட்டால் அதன் பாத்திரத்தன்மை கெடும். புயலை எவரும் வெறுப்பதில்லை, அதனொடு வழக்காடுவதுமில்லை. இவ்விரு கேடுகளுக்கும் நடுவே ஒரு படைப்பு எங்ஙனம் வழிகண்டது, எங்கே வழி தவறியது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படைப்பு, ‘ஃபேற் கிராண்ட் ஓடர்: பாபிலோனியா’ என்னும் யப்பானிய அசைவூட்டச் சித்திரத் தொடராகும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த கைத்தொலைபேசி விளையாட்டொன்றின் ஏழாம் அதிகாரத்தைத் தழுவியது இது. அவ்வதிகாரத்தை எழுதியவர் நாசு கினோகோ. தொடரை இயக்கியவர் அக்காய் தொசிபுமி. குளோவர்வேர்க்ஸ் என்னும் நிறுவனம் தயாரித்த இத்தொடரின் 21 பகுதிகள், 2019 ஒற்றோபர் தொடக்கம் 2020 மார்ச் வரை யப்பானில் ஒளிபரப்பாயின.

ஆசிரியர் ஒருவர் இத்தகைய பொருளிற் கருத்துச் செலுத்துவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையிற் பெருங்கொம்புகளோடு கூடிய பெண்ணுருவொன்றை வரைந்திருந்தான். யாரிவள் என வினவியபோது, உலகை அழிக்க வந்த தாய் என்றான். பிழை அவளுடையதா, அவள் பெற்ற பிள்ளைகளுடையதா என்பது தனக்கு விளங்கவில்லை என்றும் கூறினான். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. விடை தேடியே தொடர் முழுவதையும் பார்த்தேன்.

அம்மாணவன் வரைந்த பெண் தியாமத். அவளுடைய கதை பழைய மெசப்பொத்தேமியாவிற் பிறந்தது. ‘எனூமா எலிஷ்’ எனப்படும் படைப்புக் காவியம் ஏழு களிமண் ஏடுகளில் அமைந்தது. நினிவே நகரில் அசூர்பனிப்பால் மன்னனின் நூலகம் இருந்த இடத்தில் இதன் பகுதிகள் கிடைத்தன. ஜோர்ஜ் சிமித் என்பார் 1876இல் அவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டார். பாபிலோன் நகரத்துப் புத்தாண்டு விழாவின் நான்காம் நாளில் மர்துக் தெய்வத்தின் முன்னிலையில் ஓதப்பட்ட நூல் இது.

அக்காவியம் கூறும் வரலாறு வருமாறு. ஆதியில் நன்னீராகிய அப்சுவும் உப்புநீராகிய தியாமத்தும் ஒன்று கலந்திருந்தனர். அவர்களிடத்தே தெய்வங்கள் பிறந்தன. இளந் தெய்வங்களின் ஆரவாரம் பொறாத அப்சு அவற்றை அழிக்கக் கருதினான். தாம் பெற்றதைத் தாமே அழிப்பதா எனத் தடுத்தவள் தியாமத். ஆயினும் இளந் தெய்வங்களுள் ஒருவனான ஏயா, மந்திரத்தால் அப்சுவைத் துயிலச் செய்து கொன்றான். அவன்மீதே தன் மாளிகையையும் அமைத்தான். அம்மாளிகையிற் பிறந்தவனே மர்துக். கணவன் கொலையுண்டபோது வாளாவிருந்தாய் எனச் சில தெய்வங்கள் இடித்துரைத்த பின்னரே தியாமத் போருக்கு எழுந்தாள். பதினொரு வகைக் கொடிய உயிர்களைப் படைத்தாள். கிங்கு என்பவனைப் படைத்தலைவனாக்கி ஊழேட்டை அவன் மார்பிற் பூட்டினாள். மர்துக் அவளை வலையில் அகப்படுத்திக் காற்றினால் வாயை நிறைத்து அம்பெய்து கொன்றான்; அவள் உடலை இரண்டாகப் பிளந்து ஒருபாதியை வானமாக்கினான். அவளுடைய கண்களிலிருந்து தைகிரீசும் யூப்பிரத்தீசும் பெருகின. கிங்குவின் குருதியிலிருந்து, தெய்வங்களுக்குப் பணிசெய்யும் பொருட்டு மனிதன் படைக்கப்பட்டான்.

இக்காவியம் வென்றவனின் புகழ்பாடும் நூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒரு நேர்மையைக் கைவிடவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். தியாமத் முதலிற் பிள்ளைகளைக் காக்க முயன்றவள் என்பதையும், அவளுடைய சினத்துக்குக் கணவனின் கொலை காரணமாயிற்று என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. வெகுளிச் சுவை பிறத்தற்குரிய நிலைக்களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கைத் தொல்காப்பியர் கூறுவர். காரணமின்றிச் சினம் சுவையாகாது என்பது அவர் வகுப்பின் உட்கிடை. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், பழைய காவியத்துத் தியாமத்தின் வெகுளி நிலைக்களன் உடைய வெகுளியே.

இனிச் சித்திரத் தொடருக்கு வருவாம். எரிந்தழிந்த மனித வரலாற்றை மீட்கும் பொருட்டு, கல்தேயா என்னும் நிலையத்திலிருந்து பூஜிமாரு ரித்சுக்கா என்னும் இளைஞனும் மாஷ் என்னும் பெண்ணும் கி. மு. 2655இல் உள்ள ஊருக் நகருக்குச் செல்கின்றனர். அந்நகரைக் கில்கமேஷ் மன்னன் ஆள்கின்றான். மூன்று பெண் தெய்வங்கள் கூட்டுச் சேர்ந்து அந்நாட்டை நெருக்குகின்றன. அம்மூவருள் ஒருத்தி தன்னைத் தியாமத் என்றே கூறிக்கொள்கின்றாள். அவள் உண்மையிற் கிரேக்க நாட்டுக் கதைகளில் வரும் கோர்கன். அதாவது, மெடூசாவின் முதிர்ந்து திரிந்த வடிவம்.

இந்தக் கோர்கன் பாத்திரத்தைத் தொடரின் சிறந்த படைப்புக்களுள் ஒன்றாகக் கொள்வதிற் தவறில்லை. மெடூசாவின் கதையில் அநீதி வேரோடியுள்ளது. உரோமப் புலவர் ஓவிட் கூறும் வடிவத்தில், தேவாலயத்தினுள்ளே தெய்வமொன்றாற் கெடுக்கப்பட்டவள் அவள். தண்டனையோ கெடுத்தவனுக்கன்றி அவளுக்கே கிடைக்கின்றது. தொடரின் மூலக் கதையிலும், தன்னைக் கொல்ல வந்தோரை எதிர்த்து எதிர்த்தே அரக்கியாகி, தான் காக்க நின்ற தமக்கையர் இருவரையும் இறுதியில் விழுங்கியவளாக அவள் வருகின்றாள். மனிதர்மீது அவள் கொண்ட வெறுப்புக்குக் காரணம் உண்டு. அக்காரணம் அவளுடைய கொடுமையை நியாயப்படுத்துவதில்லை. மனிதரைப் பிடித்து அரக்குயிர்களாக மாற்றும் அவளுடைய செயலைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம். அவளையே நோக்கும்போது இரங்குகின்றோம். அச்சமும் இரக்கமும் ஒருங்கே எழுவதன்றோ உயர்ந்த நாடகத்தின் இலக்கணம்!

இதனினும் நுட்பமானது, அவளுக்கு எதிராக நிறுத்தப்பட்ட பாத்திரம். அனா என்னும் சிறுமி, சினத்துக்கு ஆட்படுமுன் இருந்த மெடூசாவே ஆவாள். அவளும் மனிதரை விரும்புவதில்லை. முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு ஊருக் நகரத் தெருக்களில் ஒதுங்கி நடக்கின்றாள். ஆயினும் பூ விற்கும் மூதாட்டி ஒருத்தியிடத்து அவள் நெஞ்சம் சிறிது சிறிதாக இளகுகின்றது. உரத்த சொற்கள் எவையுமின்றி, சிறு சிறு உதவிகளின் வாயிலாகவே இம்மாற்றம் காட்டப்படுகின்றது. பின்னர் அவளே கோர்கனை எதிர்த்து நின்று, அவளோடு தானும் வீழ்கின்றாள். சினத்துக்குத் தீர்ப்பளிப்பவன் வெளியிலிருந்து வந்த வீரனல்லன்; சினந்தவளின் பழைய உள்ளமே தீர்ப்பளிக்கின்றது. தெய்வத்தின் பெருமையும் குன்றாமல், பாத்திரத்தின் உயிரும் கெடாமல், மேற்கூறிய இரு இடர்ப்பாடுகளையும் ஆசிரியர் இங்கே கடந்துவிட்டார்.

கோர்கனின் மறைவோடு உண்மைத் தியாமத் துயிலெழுகின்றாள். தொடரின் குறைபாடும் இங்கேதான் தொடங்குகின்றது. இத்தியாமத் பேசுவதில்லை. இசைபோன்றதொரு நெடிய ஒலியை மட்டும் எழுப்புகின்றாள். அவளிடமிருந்து கருஞ்சேறு கடலெனப் பரவுகின்றது. அதிலிருந்து இலாக்மு எனப்படும் விகார உயிர்கள் எண்ணிறந்தன பிறந்து மனிதரைக் கொன்று களிக்கின்றன. அப்சுவின் கொலைக்கு இத்தொடரிற் கதைப்பங்கு எதுவுமில்லை. பிள்ளைகளைக் காக்க அவள் முயன்ற செய்தியும் காட்சியாக வருவதில்லை. படைப்பு முடிந்தபின் பிள்ளைகளாற் கைவிடப்பட்ட தாய், மீண்டும் பெற்று வளர்க்கும் காலத்துக்குத் திரும்ப விரும்புகின்றாள் என்பது மாத்திரம் பிறர் வாய்மொழியாக நமக்குத் தெரிவிக்கப்படுகின்றது. அவள்பால் இரக்கம் கொண்டதாகக் கூறும் தொடர், அவளைக் கொன்றவனைப் பாடிய காவியத்திலும் குறைவாகவே அவளுடைய வழக்கை எடுத்துரைக்கின்றது. இஃது எண்ணத்தக்க முரண்பாடாகும்.

இதற்கு ஒரு சமாதானம் கூறலாம். பேசாமையே அவளுடைய துன்பம். தாயின் மொழியைப் பிள்ளைகள் மறந்துவிட்டனர் என்பதே அதன் குறிப்பு என்பர் சிலர். இக்கருத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. உலகில் உயிர் உள்ளவரை அவளுக்கு இறப்பில்லை என்றொரு விதியைத் தொடர் அமைத்துள்ளது. உயிர்கள் யாவும் அவளிடமிருந்து தோன்றியமையால், அவை இருப்பதே அவள் இருப்பதற்குச் சான்றாகின்றது. ஆகவேதான் உயிர்கள் அற்ற கீழுலகுக்கு, எரேஷ்கிகாலின் ஆட்சிக்குட்பட்ட இடத்துக்கு, அவளை வீழ்த்த வேண்டியதாயிற்று. தாயை மறுப்பவனும் தன் மூச்சினாலேயே தாய்க்குச் சான்று பகர்கின்றான் என்னும் இக்கருத்து மிக ஆழமானது. ஆனால் ஆழமான அக்கருத்து, போர்த் திட்டத்தின் ஓர் உறுப்பாக மட்டுமே பயன்படுத்தப்பட்டுப் போயிற்று. அவளை எங்ஙனம் வீழ்த்துவது என்னும் வினா பல பகுதிகளை நிறைக்கின்றது. அவள் ஏன் அழுகின்றாள் என்னும் வினாவை நின்று கேட்போர் அரியர்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவன் கிங்கு. காவியத்திற் படைத்தலைவனான கிங்கு, தொடரில் தியாமத்தின் மகனாக, இறந்த என்கிடுவின் உடலில் உலாவுபவனாக வருகின்றான். என்கிடு கில்கமேஷின் உயிர்த் தோழன் என்பது கில்கமேஷ் காவியம் கற்றோர் அறிந்ததே. தாய்க்காகப் போரிட்ட கிங்குவை இலாக்முகளே தாக்கி, அவன் மார்பிலிருந்த உயிர்ப்பொருளைப் பறிக்கின்றன. புண்பட்டு ஓடும் அவனை அவற்றுள் ஒன்று தன்னைப் பலிகொடுத்துக் காக்கின்றது. அஃது ஊருக்கின் தலைமைப் பூசகியான சிதூரியின் உருமாறிய உடல் என்பதைப் பார்ப்போர் உணர்கின்றனர். அரக்க வடிவினுள்ளும் நன்றியுணர்வு அழியாதிருந்தது என்பதைக் காட்டும் இக்காட்சி, தொடர் முழுவதிலும் என் நெஞ்சைத் தொட்ட இடமாகும். பின்னர்க் கில்கமேஷ் அவனுக்குப் புதிய உயிர்ப்பொருளை அளிக்கின்றான். கிங்குவும் தானே சங்கிலியாக மாறித் தாயைத் தடுத்து நிறுத்துகின்றான். தாயைத் தடுத்தவன் மர்துக் அல்லன், அவள் மகனே என்பதனால், காவியம் தராத துயரமொன்றைத் தொடர் இங்கே தந்துவிடுகின்றது.

மர்துக்கை நேரில் வராமற் செய்து, அவனது கோடரியை மாத்திரம் எரிது நகரில் எஞ்சவிட்டதும் நல்ல தேர்வே. வென்ற தெய்வம் மேடையில் நின்றால் இவ்வுலகு மனிதர் கையில் வந்த கதையாக இஃது அமைந்திராது. மறுபுறம், இறுதிப் பகுதிகளில் ஓயாது நிகழும் போர்க்காட்சிகள் கண்ணுக்கு விருந்தாயினும் கருத்தைச் சோர்வுறச் செய்கின்றன. மூலமாகிய விளையாட்டை அறியாதாருக்குச் சில பாத்திரங்களின் வரவும் செயலும் விளங்குதல் அரிது.

தொகுத்து நோக்கின், இத்தொடர் சினங்கொண்ட தெய்வத்தை இருமுறை படைக்க முயன்றது. சிறிய தெய்வத்திடத்து வென்றது. பெரிய தெய்வத்திடத்துப் பாதியளவே வென்றது. கோர்கனுக்கு அது ஒரு வரலாற்றைக் கொடுத்தது. தியாமத்துக்கு ஓர் உருவத்தைக் கொடுத்தது. வரலாறு இன்றி உருவம் மட்டும் கொண்ட தெய்வத்தை நாம் அஞ்சலாம், வியக்கலாம். அதனொடு வழக்காட இயலாது.

மாணவனின் வினாவுக்கு இன்று நான் கூறக்கூடிய விடை இதுவே. பிழை தாயிடத்தும் உண்டு; பிள்ளைகளிடத்தும் உண்டு. தன் துயருக்காக ஊருக்கின் குழந்தைகளைச் சேற்றில் ஆழ்த்தியது அவள் பிழை. அதை எந்தத் துயரமும் கழுவிவிடாது. அவளுடைய உடலையே வானமாகக் கொண்டு அதன்கீழ் வாழ்ந்தும், அவள் அழுகையைக் கேளாது மறந்தது பிள்ளைகள் பிழை. எதிரியை வெல்லுமுன் அவளுடைய வழக்கை முழுமையாகக் கேட்டல் வேண்டும் என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய விதியன்று. கதை சொல்வோருக்கும் அதுவே விதி. அம்மாணவன் அவளுக்குக் கொம்புகளைப் பெரிதாக வரைந்திருந்தான். கண்களில் நீரையும் வரைந்திருந்தான். தொடர் முழுமையாகச் சொல்லத் தவறியதை அவன் தானே உணர்ந்துகொண்டான் போலும்.