நாசர் வந்தால் என் டீ ஆறிவிடும்

கோவளம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் எனக்கு ‘நாசர் பாய்’ என்று பெயர். நான் பாயும் இல்லை, நாசரும் இல்லை. கடை டிவியில் யாராவது ரிமோட்டை அழுத்திச் சேனல் சேனலாகத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். நடுவில் அந்த மூக்கு ஒரு விநாடி தெரிந்தால் போதும், “வையி, அங்கயே வையி!” என்று கத்திவிடுவேன். கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டிவிடும். தர்காவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். கடைக்காரர்தான் சமாதானம் சொல்வார்: “ஒண்ணுமில்லீங்க, அண்ணன் நாசர் ரசிகரு.”

“நாசருக்கா?” என்று ஒரு சிரிப்பு வரும் பாருங்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குக் கட்-அவுட் வைத்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் முதல் காட்சிக்குப் பாலூற்றியவர்களும் இல்லை. ஆனால் 1985-ல் பாலசந்தரின் ‘கல்யாண அகதிகள்’ படத்தில் முகம் காட்டிய மனிதர் 40 வருஷமாக வேலையில் இருக்கிறார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்வருகிறார். எங்கள் குப்பத்தில் ஒரே நாளில் வலை கிழிய வஞ்சிரம் அள்ளியவரைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். ஆனால் எந்தப் பருவத்திலும் வெறும் படகோடு கரையேறாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடலில் சந்தேகம் வந்தால் எல்லாரும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். நாசர் அந்த ரகம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை தாம்பரத்தில் தொடங்குகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தினமும் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் கிறித்துவக் கல்லூரியில் படித்தேன். மான்கள் திரியும் அந்த மரக்கூட்டத்துக்கு நடுவே ஒரு சீனியர் போகிற போக்கில் சொன்னார்: “நாசர் பி.யூ.சி. இங்கதான்டா படிச்சாரு. இங்கதான் நாடகம் போட்டாரு.” அன்றைக்கு வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை. பிறந்தது, பள்ளிக்கூடம் போனது செங்கல்பட்டுப் பக்கம். கல்லூரி எங்கள் தாம்பரம். கொஞ்ச காலம் விமானப்படையிலும் இருந்திருக்கிறார். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதிலும் ஒரு பெருமை. டெல்லி கணேஷும் விமானப்படையிலிருந்து வந்தவர்தான். அவரும் கடைசிவரை வேலை குறையாமல் நடித்தவர். அங்கே என்ன சாப்பாடு போடுகிறார்களோ!

1992-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ‘ரோஜா’வில் கர்னல் ராயப்பாவாக, ஒரு பெண்ணின் கண்ணீருக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ராணுவ அதிகாரியாக வருகிறார். இரண்டே மாதம் கழித்து தீபாவளிக்கு ‘தேவர் மகன்’. அதே மனிதர் மாயனாக வந்து நிற்கிறார். பஞ்சாயத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சிவாஜி. ‘பராசக்தி’ வந்தபோது நாசர் பிறக்கவே இல்லை. அந்தத் தீபாவளிக்கு அவருக்கு வயது 34. சிவாஜிக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களே குரலை ஏற்றித்தான் தப்பிப்பார்கள். இவர் பகையைக் கழுத்திலும் தாடையிலும் வைத்திருந்தார். பேசும்போது தெரிந்ததைவிட, சிவாஜி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வன்மம் தெரிந்தது. தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரர் இவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. உதை விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

அதைவிட 1995! அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு நான் ராத்திரி முழுக்கப் பேசுவேன். முதலில் ‘பம்பாய்’. அதில் இந்துத் தகப்பன் நாராயண பிள்ளையாக நாசர், முஸ்லிம் தகப்பன் பஷீராக கிட்டி. நிஜ வாழ்க்கையின் மதத்தை அப்படியே மாற்றிப் போட்டிருந்தார் மணிரத்னம். இரண்டு கிழங்களும் சண்டை போட்டுக்கொள்ளும் இடங்களில் சிரிப்பு வரும், கூடவே தொண்டையில் ஏதோ அடைக்கும். தர்காவும் மாதா கோயிலும் சிவன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்ப்பது தனி அனுபவம்.

தீபாவளிக்கு ‘குருதிப்புனல்’. தீவிரவாதத் தலைவன் பத்ரி. போலீஸ் பிடியில் இருப்பவன் அவன். விசாரிக்கிற அதிகாரி கமல். பார்த்துக்கொண்டே இருக்கும்போது யார் கைதி, யார் அதிகாரி என்பதே தடம் மாறிவிடும். குரல் உயராது. வாத்தியார் மக்குப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி நிதானமாகப் பேசிப் பேசியே ஒரு நேர்மையான போலீஸ்காரனை உடைத்துவிடுவார். அதற்கப்புறம் சத்தம் போடுகிற வில்லன்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அதே வருஷம்தான் ‘அவதாரம்’. அவரே எழுதி, இயக்கி, குப்புசாமி என்கிற தெருக்கூத்துக் கலைஞனாக நடித்தது. இதைப் பார்க்க நான் பட்ட பாடு! வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோவளத்திலிருந்து தாம்பரம் போய் இறங்கினால், தியேட்டரில் படத்தைத் தூக்கிவிட்டு வேறு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், “சொல்லிட்டா சார் தூக்குவாங்க?” என்றார் கேட்காரர். கடைசியில் வாடகை கேசட்டில்தான் பார்த்தேன், கோடு கோடாக. கோடு எல்லாம் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. வேஷம் கட்ட ஏங்குகிற ஓர் அப்பாவி, கடைசியில் நரசிம்ம வேஷத்தோடு வில்லன் எதிரே வந்து நிற்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த வில்லனாக அறிமுகமானவர் பாலா சிங். அப்படி ஒரு வில்லனை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தான் கூனிக் குறுகி நின்ற டைரக்டரை வேறு எங்கே பார்ப்பது?

என் வீட்டுக்காரிக்கு மட்டும் பல வருஷம் நாசரைப் பிடிக்காது. காரணம் ‘மகளிர் மட்டும்’. அவள் தாம்பரம் பக்கம் வேலைக்குப் போய்வந்தவள். அந்தப் படத்தில் வருகிற மேலதிகாரி பாண்டியன் மாதிரி ஒருத்தனை நேரிலேயே பார்த்திருக்கிறாள். “அந்தாளு பார்வ அப்படியே அச்சா இருக்கு, டிவிய நிறுத்துங்க” என்பாள். (அதே படத்தில் நாகேஷ் பிணமாக நடித்திருப்பார். பிணம்தான், ஆனாலும் அவர் வரும் இடங்களில் வேறு யாரையும் பார்க்க முடியாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) ‘அவ்வை சண்முகி’யில் பாஷா ஊமை வேஷம் போட்டுக்கொண்டு மடி ஆசாரமான வீட்டில் சமையல்காரராகத் திண்டாடுவதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தாள். ‘அன்பே சிவம்’ வந்தது, நெற்றி நிறையத் திருநீறோடு ஈவிரக்கமில்லாத அந்த முதலாளியைப் பார்த்துவிட்டு மறுபடியும் முறுக்கிக்கொண்டாள். 2014-ல் ‘சைவம்’. செட்டிநாட்டு வீட்டுத் தாத்தாவாக, காணாமல் போன சேவலுக்கும் பேத்திக்கும் நடுவே அவர் தவித்ததைப் பார்த்து அழுதேவிட்டாள். “நல்ல மனுஷன்தாங்க” என்றாள். இருபது வருஷக் கோபம் ஒரே படத்தில் கரைந்தது.

ஹாலிவுட்டில் ஜான் கசால் என்றொரு நடிகர் இருந்தார். ‘காட்ஃபாதர்’ படத்தில் நடு மகன் ஃப்ரெடோவாக வருவாரே, அவர்தான். நடித்தது மொத்தம் ஐந்தே முழுநீளப் படங்கள். ஐந்தும் ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான போட்டிக்குப் போயின. 1978-ல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பழுக்கில்லாத கணக்குதான். ஆனால் எனக்கு நாசரின் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. பையனுக்குப் பெண் பார்க்கிற அப்பா, பத்திரிகையாளர்களிடம் இரண்டு வரி பேசுகிற கமிஷனர் என்று எத்தனையோ சப்பைப் படங்களில் வந்து போயிருக்கிறார். படம் பார்த்து நான் நொந்துபோனதுண்டு. அவரைப் பார்த்து நொந்ததில்லை. ஷூட்டிங் வீடுகள் நிறைந்த இந்த ஈ.சி.ஆர். ரோட்டிலேயே இத்தனை வருஷம் இருந்தும் ஒரு தரம்கூட அவரை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

‘பாகுபலி’யில் பிங்கலத்தேவனாக, சூம்பிய கையோடு அவர் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன், “அப்பா, இவருதான் அந்த ‘எம் மகன்’ படத்துல பரத்த போட்டு அடிப்பாரே, அவரா?” என்று கேட்டான். அவரேதான் என்றேன். நம்பவில்லை. இடைவேளையில் போனில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

நீங்கள் ‘அவதாரம்’ பார்க்காதவரென்றால் முதலில் அதைப் பாருங்கள். இளையராஜா இசை, சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வாருங்கள், மீன் ஏலமும் பார்க்கலாம். டீக்கடையில் ‘நாசர் பாய்’ என்று கேட்டால் காட்டுவார்கள். டீ என் கணக்கு.