கூடையைப் பாடுவோருக்கு

ஸ்பிரிங்வெளி மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமந்து நிற்கும் பெண், உல்லாசப் பயண விளம்பரங்களுக்கு ஓர் அழகுச் சித்திரம். சுமப்பவளுக்கோ அக்கூடை சரித்திரம் ஏற்றிய பாரம். அதனையே என். எஸ். எம். ராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்று தம் சிறுகதைக்கு மகுடமாக்கினார். பரிதாபத்தின் உருவம் உழைப்பின் பெருமிதமாயிற்று.

இத்தகைய மீட்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1933 ஏப்ரலில், யூதர் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு நாஜிகள் ஏவியபோது, ஜெர்மானிய யூதப் பத்திரிகாசிரியர் ராபர்ட் வெல்ட்ஷ், இழிவுக்கென இடப்பட்ட மஞ்சள் சின்னத்தைப் பெருமையுடன் அணியத் தம் மக்களை அழைத்தார். குனிந்த தலைகள் நிமிர்ந்தன. ஆயினும் 1941இல் நாஜி அரசு ஜெர்மனியில் மஞ்சள் நட்சத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அணிந்தோரைக் கொலைமுகாம்களுக்கும் அனுப்பியது. பெருமிதம் உள்ளத்தைக் காக்கும். உயிரைக் காக்க அரசியல் பலமும் வேண்டும்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மலையக மக்களின் வாரிசுகள் இதை உணர்ந்தே, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் பசியாலும் நோயாலும் மடிந்த வழி அது. அவர்கள் கண்ணீரை மட்டும் சுமந்து செல்லவில்லை. காணி, வீடு, நியாயமான சம்பளம் என்னும் கோரிக்கைகளையும் சுமந்தனர்.

ஆகவே, கூடையைப் பாடும் எழுத்தாளன் கூலியையும் பேசட்டும். கோரிக்கையற்ற சின்னம் மீண்டும் விளம்பரச் சுவருக்கே போய்ச் சேரும்.