இரண்டாம் பாகம் நாயகனுக்கா, நோய்க்கா?

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு பக்கம் ஒரு பேய் என்றால் அதற்கு ஊர் உண்டு, பேர் உண்டு, செத்த விதம் உண்டு, தீராத வழக்கும் உண்டு. எந்தக் கிணற்றில் விழுந்தது, எந்தப் புளியமரத்தில் தொங்கியது, அது ஆளைப் பிடித்தால் யாரைக் கூட்டிவந்து உடுக்கடிக்க வேண்டும் என்பதுவரை பெரியவர்கள் சொல்வார்கள். கோடாங்கி கேட்கும் முதல் கேள்வியே, "நீ யாரு, எந்தூரு, ஒனக்கு என்ன வேணும்?" என்பதுதான். பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த ஊரில் பிறந்த தமிழச்சி தங்கபாண்டியன் தம் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு 'வனப்பேச்சி' என்று பெயர் வைத்தார். கரிசல் காட்டுப் பேச்சி பயமுறுத்தவும் செய்வாள், கூப்பிட்டால் ஏனென்றும் கேட்பாள்.

ஜாம்பி அப்படியில்லை. அதற்குப் பேர் கிடையாது, வழக்கு கிடையாது. என்ன வேண்டும் என்று கேட்டால் கடிக்க வரும். நம் மரபில் இதற்கு ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். பிணத்துக்குள் புகுந்துகொள்ளும் வேதாளம் ஒன்று. ஆனால் அது ஓயாமல் கதை சொல்லும், புதிர் போடும். கலிங்கத்துப்பரணியில் பசியெடுத்த பேய்க்கூட்டம் போர்க்களத்துக்கே வருகிறது. அந்தக் கூட்டமும் வரிசையாக உட்கார்ந்து கூழ் காய்ச்சிக் குடிக்கிறது. அதில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காட்டுகிறார் சயங்கொண்டார். முகமில்லாத கூட்டமாகப் பேயை நினைத்துப் பார்க்கவே நம் புலவனுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், தமிழில் ஒரு ஜாம்பிப் படம் வந்ததும் அதன் இரண்டாம் பாகத்துக்காக ஆட்கள் இன்னும் காத்திருப்பதும் யோசிக்க வேண்டிய சங்கதிகள். 2016 பிப்ரவரி 19ஆம் தேதி வெளிவந்த 'மிருதன்' அந்தப் படம். எழுதி இயக்கியவர் சக்தி சௌந்தர் ராஜன். ஜெயம் ரவியும் லட்சுமி மேனனும் நடித்தார்கள், இசை டி. இமான். ஊட்டியில் ஏதோ ஒரு ரசாயனம் சிந்துகிறது, அதை ஒரு நாய் குடிக்கிறது, அந்த நாய் ஒரு மனிதனைக் கடிக்கிறது. அப்புறம் ஊரே கடிபடுகிறது. நாயகன் போக்குவரத்துக் காவலர். தங்கையைக் காப்பாற்றவும், மருந்து கண்டுபிடிக்கக்கூடிய மருத்துவர்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுசேர்க்கவும் துப்பாக்கியோடு புறப்படுகிறார். முடிவில் தொற்று அவரையே பிடித்துக்கொள்கிறது. கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படம் முடிகிறது.

அந்தக் கதவைத்தான் ரசிகர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இயக்குநரும் நாயகனும் மறுபடி சேர்ந்தபோது இதோ வந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. 2018இல் வந்தது விண்வெளிப் படமான 'டிக் டிக் டிக்'. பிறகு இயக்குநர் 'டெடி' (2021), 'கேப்டன்' (2022) என்று வேறு பக்கம் போனார். நாயகன் 2025 தொடக்கத்தில் தம் பெயரையே ரவி மோகன் என்று மாற்றிக்கொண்டார். 'மிருதன்' படத்தின் இரண்டாம் பாகம் மட்டும் பேச்சாகவே நிற்கிறது.

காரியாபட்டி சாலை டீக்கடைகளில் இதைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தால் கிடைக்கும் கருத்துகள் ஒரு மாதிரியானவை அல்ல. பெரும்பாலோருக்கு வேண்டியது நாயகன்தான். அவன் குணமாக வேண்டும், நாயகியான டாக்டரம்மா அவனை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னும் சிலர், அதுவும் கைப்பேசியில் கொரியப் படங்களைத் தமிழ் மொழிமாற்றத்தில் பார்த்துப் பழகியவர்கள், "வேகம் போதாதுண்ணே, நம்ம ஜாம்பிக வேலைக்குப் போற மாதிரி நடக்குதுக" என்கிறார்கள். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பையன் சொன்னது வேறு. "மருந்து சிந்துனா வெடிக்கும்ணே, கடிக்காது." இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

தமிழில் பேய்ப் படத் தொடர்ச்சி ஒரு தொழிலாகவே நிலைபெற்றுவிட்டது. 'முனி' (2007) தொடங்கி 'காஞ்சனா' 2011, 2015, 2019 என்று நீண்டது. ராகவா லாரன்ஸ் எல்லாவற்றிலும் இருந்தார். 'அரண்மனை' 2014இலிருந்து 2024க்குள் நான்கு பாகம் கண்டது, சுந்தர் சி. எல்லாவற்றிலும் இருந்தார். 'டிமான்ட்டி காலனி' ஒன்பது வருஷம் கழித்து 2024இல் அருள்நிதியோடு திரும்பி வந்தது, முதல் பாகத்தை மதிக்கிற படமாகவும் இருந்தது. 'பீட்சா' மட்டும் பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றிப் பார்த்தது. 'சந்திரமுகி 2' (2023) என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். லாரன்ஸ் நின்ற இடத்தில் ரஜினியையும் கங்கனா ஆடிய இடத்தில் ஜோதிகாவையும் தேடிவிட்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள்.

இவற்றில் ஓடியவற்றின் சூத்திரம் ஒன்றேதான். பேய் மாறலாம், அதன் வழக்கு மாறலாம், காமெடிக் கூட்டம் மாறலாம், நாயகன் மாறக்கூடாது. ஒவ்வொரு பாகத்திலும் புதிதாக ஓர் அநியாயச் சாவு, அதற்கொரு பழிவாங்கல், கடைசியில் அம்மன் முன்னால் ஒரு ஆட்டம். கோடாங்கியின் மூன்று கேள்விகளைத்தான் இந்தப் படங்களும் கேட்கின்றன. வழக்குத் தீர்ந்தால் பேய் போய்விடும். அடுத்த பாகத்துக்கு வேறு வழக்கு எடுத்துக்கொள்ளலாம். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. முதல் 'காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்ற திருநங்கை வேடத்துக்கு இங்கே தியேட்டர்களில் விழுந்த கைதட்டலில் ஒரு நியாய உணர்வு இருந்தது.

ஜாம்பிக் கதைக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதில் வழக்கு தீர்வதில்லை, ஏனென்றால் வழக்கே இல்லை. பரவுவதுதான் கதை. ஆகவே அதன் உண்மையான தொடர்ச்சி நோயின் தொடர்ச்சியே தவிர நாயகனின் தொடர்ச்சி அல்ல. இந்த வகையை நவீன வடிவில் தொடங்கிவைத்த ஜார்ஜ் ரொமேரோ இதைத் தெளிவாகவே செய்தார். 1968இல் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்தார். அதன் நாயகன் ஒரு கறுப்பினத்தவர். இரவு முழுக்கப் பிழைத்துக் கிடந்து, விடிந்ததும் அவரையும் பிணமென்று நினைத்து வேட்டைக் கூட்டத்துக்காரன் ஒருவன் சுட்டுவிடுகிறான். பத்து வருஷம் கழித்து 'டான் ஆஃப் த டெட்' வந்தபோது களம் ஒரு வணிக வளாகம். 1985இல் 'டே ஆஃப் த டெட்' ஒரு நிலத்தடி ராணுவக் கூடம். ஒரு படத்து ஆள் அடுத்த படத்தில் இல்லை. தொடர்ந்து வருவது செத்தும் நடக்கிற கூட்டமும், அந்தக் கூட்டத்தை வைத்து அவர் அமெரிக்காவைப் பார்த்த பார்வையும்தான்.

ரசிகர்கள் இதை எல்லா ஊரிலும் சுலபமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. தென்கொரியாவில் 'ட்ரெய்ன் டு பூசான்' 2016இல், 'மிருதன்' வந்த அதே வருஷம், ஒரு கோடிக்கும் மேலான ஆட்களைத் தியேட்டருக்கு இழுத்தது. ரயில்பெட்டிக்குள் ஓர் அப்பனும் மகளும், அவ்வளவு சின்னக் கதை. இயக்குநர் யான் சாங்-ஹோ 2020இல் 'பெனின்சுலா' எடுத்தபோது, நாலு வருஷம் கழித்து அழிந்துகிடக்கும் நாட்டைக் காட்டினார்; ஆட்கள் எல்லாம் புதியவர்கள். கார் துரத்தல் நிறைய இருந்தது, அந்த அப்பா இல்லை. பார்த்தவர்களில் பலர் குறைப்பட்டுக்கொண்டது அந்த அப்பா இல்லாததைப் பற்றித்தான். என் கணக்கில் குறை அதுவல்ல. புதிய ஆட்களுக்கு ஒரு ரயில்பெட்டி அளவு இடம்கூட அந்தப் படம் கொடுக்கவில்லை என்பதே குறை.

இதைவிட வேடிக்கையான கதை பிரிட்டனில் நடந்தது. டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' 2002இல் வந்தது. தொடர்ச்சி 2007இல், வேறொரு இயக்குநரிடமிருந்து, வேறு ஆட்களோடு. மூன்றாவதான '28 இயர்ஸ் லேட்டர்' படத்தின் முன்னோட்டம் 2024 டிசம்பரில் வந்தபோது, அதில் ஒரு கணம் எலும்பும் தோலுமாக ஓர் உருவம் எழும். அது முதல் படத்தின் நாயகன் கிலியன் மர்ஃபிதான் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் அதற்குள் ஆஸ்கார் வாங்கிய பெரிய நடிகர். கடைசியில் பார்த்தால் அந்த வேடம் போட்டது ஒரு கலைப்பொருள் வணிகர். 2025 ஜூனில் வெளிவந்த படத்தில் மர்ஃபி இல்லவே இல்லை. ஒரு தீவில் வளரும் சிறுவனின் கதையாக அது இருந்தது. செத்தவனின் முகத்தில் பழைய நாயகனைத் தேடுகிற பழக்கம் நம் டீக்கடைக்கு மட்டும் சொந்தமில்லை.

இந்தியாவுக்குள் வந்தால் கணக்கு சின்னது. இந்தியில் 'கோ கோவா கான்' (2013) போதை விருந்தில் தொடங்கும் சிரிப்புப் படம். 2020இல் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது, சொன்ன காலத்தில் வரவில்லை. தெலுங்கில் 'ஜாம்பி ரெட்டி' (2021) ராயலசீமைப் பங்காளிச் சண்டைக்குள் ஜாம்பியைக் கொண்டுவந்து விட்டது. அரிவாளோடு நிற்கிறவர்களுக்கு ஜாம்பி பெரிய விஷயமே இல்லை என்பது நல்ல நகைச்சுவை. பிரசாந்த் வர்மாவும் தேஜா சஜ்ஜாவும் பிறகு 'ஹனுமான்' எடுத்துப் பெரிய ஆட்களானார்கள். அதற்குப் பிறகுதான் இதன் இரண்டாம் பாகத்துக்கு மதிப்பு கூடியது. தமிழில் 2019இல் யோகி பாபுவை வைத்து 'ஜாம்பி' என்றே ஒரு படம் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் கவனிக்க வேண்டிய படம் மராத்தியில் வந்த 'ஜோம்பிவலி' (2022). மும்பைக்குப் பக்கத்து டோம்பிவலிதான் களம். ஒரு பக்கம் தண்ணீர் இல்லாத குடிசைப்பகுதி, மறுபக்கம் காவலாளி நிற்கும் அடுக்குமாடி. நோய் எங்கிருந்து வந்தது, யாருடைய லாபத்துக்காக வந்தது என்று ஆதித்ய சர்போத்தார் கேட்டுவிட்டார். படம் முழுக்கச் சரியாக அமையவில்லை, கேள்வி சரியானது.

'மிருதன்' அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரசாயனம் யாருடையது? எந்த ஆலைக்குப் போனது? யார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்? முதல் சில நிமிஷங்களில் அது கதையைக் கிளப்பிவிடும் சாக்காக வந்து, பிறகு காணாமல் போய்விடுகிறது. மீதி நேரம் முழுக்க நேற்றுவரை ஊர்க்காரர்களாக இருந்தவர்களை ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொண்டே போகிறார். விசில் அடித்த நமக்கும் அது உறுத்தவில்லை.

2020க்குப் பிறகு உறுத்த வேண்டும். தகரம் அடித்து அடைத்த தெருக்களை நாம் பார்த்தோம். அந்த ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவைசிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கப் போனவர்களைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. இரவோடு இரவாக ஒரு சக மருத்துவர் சில பேரோடு மண் தள்ளி மூட வேண்டியிருந்தது. அன்று அங்கே கூட்டமாக ஓடிவந்தவர்களுக்கு நோய் இல்லை. தமிழில் இனி எடுக்கப்படும் எந்தத் தொற்றுக் கதையும் அந்த இரவைத் தெரியாததுபோல் எடுக்க முடியாது. கடிக்கிறவர்களை மட்டும் காட்டினால் போதாது, கடிபடாமலே மாறிப்போனவர்களையும் காட்ட வேண்டும்.

பட்டாசு ஆலைப் பையன் சொன்னதற்கு வருகிறேன். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் 'மருந்து' என்றால் அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கலவை. காலையில் வேனில் ஏறிப் போகிறவர்கள் அதைக் கையால் தொட்டு அடைக்கிறார்கள். உராய்வு ஏற்பட்டால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் வேலை செய்தவர்களைவிட, புகையைப் பார்த்து ஓடிப்போன சுற்றுவட்டார ஜனங்கள் நிறைய. இந்த வட்டாரத்து ஆளுக்கு ரசாயனம் மந்திரப் பொருள் அல்ல. அதற்கு லைசென்ஸ் உண்டு, போர்மேன் உண்டு, உள்குத்தகை உண்டு, விபத்து நடந்த மறுநாள் தலைமறைவாகிற ஆள் உண்டு. அதனால்தான் "கடிக்காது" என்று அவன் சிரித்தான். படம் பொய் என்று அவன் சொல்லவில்லை. ரசாயனம் சிந்திய பிறகு முதலில் நடக்கிற காரியங்களைப் படம் விட்டுவிட்டது என்றுதான் சொன்னான்.

முதலிப்பட்டியில் ஜாம்பி எழுந்தது என்று யாராவது கதை பண்ண வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் பொறுப்பில்லாமல் சிந்தவிடப்பட்ட ஒன்று, அதை மூடிமறைக்கிற ஒரு நிர்வாகம், ஓடி வந்து உதவியவனே முதலில் பலியாகிற நிலை: இவை இரண்டாம் பாகத்துக்கு ஊட்டியைவிட நல்ல அஸ்திவாரம். கரிசல் வெட்டவெளியில் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. நான் பார்த்த எந்த ஜாம்பிப் படமும் வேலிக்கருவைக் காட்டைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சிவகாசி அச்சகங்களில் வருஷம் முழுக்கச் சினிமாப் போஸ்டர் அடிக்கிறார்கள். 'மிருதன் 2' என்று ஒரு நாள் அங்கே அச்சாகலாம். அதில் நாயகனின் முகம் பெரிதாக இருந்தால், அவன் எப்படிக் குணமானான் என்ற கதை வரப்போகிறது என்று அர்த்தம்; அது ஓடலாம், ஆனால் அது 'காஞ்சனா'வின் தம்பியாகத்தான் இருக்கும். சக்தி சௌந்தர் ராஜனுக்கு ஒரு பார்வையாளனாக நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பழைய நாயகனின் கால்ஷீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவனைக் கூட்டத்தில் ஒருவனாக நடக்க விட்டுவிட்டு, அந்த ரசாயன வண்டி எங்கிருந்து புறப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள்.