கொக்கிப் புழுவும் வருகைப் பதிவேடும்

வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை ‘மந்தம்’ என்று முடிவு கட்டுதல் ஆசிரியராகிய நமக்கு எளிது. அப்பிள்ளையின் குடலைப் பற்றி எண்ணுவோர் நம்முள் சிலரே. பொருளியல் அறிஞர் ஹோய்ட் பிளீக்லி 2007இல் வெளியிட்ட ஆய்வுரையை நாம் கற்க வேண்டுவது இதனாலேயே.

ஆய்வுக்களம் அமெரிக்காவின் தென் மாநிலங்கள். அங்கே வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப் புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிற்று. பிள்ளைகள் வெளுத்துச் சோர்ந்தனர். பிறர் அவர்களைச் சோம்பேறிகள் என்றனர். 1909இல் ராக்பெல்லர் பத்து இலட்சம் டாலர் வழங்க, சுகாதாரக் குழுவொன்று அமைந்தது. பதினொரு மாநிலங்களில் பள்ளிப் பருவத்தினருள் நூற்றுக்கு 40 பேரிடம் புழு இருக்கக் கண்டு, மருந்தும் அறிவுரையும் வழங்கிற்று.

புழு மிகுந்திருந்த வட்டாரங்களிலேயே பின்னர்ப் பள்ளிச் சேர்க்கையும் வருகையும் எழுத்தறிவும் மிகுதியாக உயர்ந்தன என்று மக்கள்தொகைக் கணக்கேடுகளைக் கொண்டு பிளீக்லி காட்டுகிறார். அப்பிள்ளைகள் வளர்ந்தபின் ஈட்டிய வருவாயும் உயர்ந்ததாம். இவ்வுயர்வுக்கு வேறு காரணம் இருத்தலாகாதோ எனின், அவர் நிறுத்தும் சாட்சி முதியோர்: புழு அரிதாயிருந்த அவர்தம் எழுத்தறிவிலும் தொழிலிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. சாட்சி நன்றுதான்; எனினும், முதியோர் எழுத்தறிவு சில ஆண்டுகளில் அசைவதன்று என்பதை முதியோர் வகுப்பு நடத்திய எவரும் அறிவர். தொழிலைப் பற்றிய சான்றே சற்று வலியது.

இதனினும் கடுமையான தடையைப் பின்னர் டேவிட் ரூட்மன் எழுப்பினார். விரிவான கணக்கேடுகளைக் கொண்டு அவர் மீண்டும் ஆராய்ந்தபோது, பின்தங்கிய வட்டாரங்கள் குழு வருமுன்பே முன்னேறத் தொடங்கியிருந்தன. மருந்துக்குப்பின் அவ்வேகம் கூடியதற்குத் தெளிந்த சான்றில்லை. இதைத் தள்ள எனக்கு வழி தோன்றவில்லை. எனவே வருவாய் பற்றிய முடிவை ஐயத்தோடே ஏற்க வேண்டும்.

ஆயினும் பிளீக்லி கேட்ட ஒரு வினா பொன்னானது. பிள்ளை எத்தனை நாள் வந்தான் என்பதோடு அவர் நிற்கவில்லை. வந்த நாள்களால் பெற்ற பயன் கூடிற்றா என்றும் கேட்டார். (நான் மாணவனாயிருந்த தோட்டப் பள்ளியில் வரிசையில் நிறுத்திப் பூச்சி மருந்து ஊட்டுவர். அன்றைய பதிவேட்டில் தூங்கியவனும் ‘வந்தான்’, விழித்தவனும் ‘வந்தான்’.)

2010இல் மலேரியா ஒழிப்பை அமெரிக்கா, பிரேசில், கொலம்பியா, மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகளில் அவர் ஆராய்ந்தார். ஒழிப்புக்குப்பின் பிறந்தோர் வருவாய் உயர்ந்தது; படித்த ஆண்டுகளோ எங்கும் ஒரே சீராக உயரவில்லை. முதல் ஆய்வினும் இதையே நான் பெரிதும் மதிக்கிறேன்.