பொம்மைக்கும் கழுத்து உண்டு

வென்ட்ரிலோகிசம் என்றால் நமக்கு ‘அவர்கள்’ (1977) கமலும் ஜூனியரும்தான். எங்கள் ஃப்ளாட்ஸ் பொங்கல் விழாவில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் அதைச் செய்துகாட்டினான். ஜோக்குகள் அரதப் பழசு. ‘ப’, ‘ம’ வரும்போதெல்லாம் உதடு காட்டிக்கொடுத்தது. ஆனால் அவனே செய்த பொம்மை இருக்கிறதே, பிரமாதம்.

பலூன்மேல் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஒட்டி, காய்ந்ததும் தாடையை பிளேடால் வெட்டியெடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான். விஷயம் கழுத்தில். தலையிலிருந்து ஒரு குச்சி, உள்ளே காலியான உடம்புக்குள் இறங்கிக் கைக்கு வருகிறது. குச்சியிலுள்ள கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும். விட்டால் ரப்பர் பேண்ட் மூடிவிடும். அதனால் தலை தனியாகத் திரும்பும். பையன் வசனம் மறந்து நின்றபோது பொம்மை மெள்ளத் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தது. சபை நிஜமாகச் சிரித்தது அப்போதுதான்.

குறை இல்லாமல் இல்லை. தாடை ‘டக் டக்’ என்று மோதியது. எனாமல் பெயின்ட் அடித்ததால் விளக்கில் மூக்கு மட்டும் பளபளத்தது, முகத்தைக் காணோம். மினுங்காத பெயின்ட்தான் இதற்கு லாயக்கு.

அடுத்த வாரம் அவன் அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டார். “நல்லதா ஒண்ணு வரவழைச்சுட்டேன் சார், ஃபாரின். பழசைப் பரண்ல போட்டாச்சு.” வழவழ முகம், கோட்டு, டை. பிடரியில் ஒரு கயிறு. இழுத்தால் வாய் திறக்கிறது. தலை திரும்பாது. பையனைத் திரும்பிப் பார்க்கத் தெரியாத பொம்மை!

அவரிடம் பால் வின்செல்லைப் பற்றிச் சொன்னேன். 1922ல் நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளியில், பொம்மை செய்கிறேன், மார்க் போடுங்கள் என்று டிராயிங் வாத்தியார் ஜெரோ மேகனைக் கேட்டார். சரியென்றாராம். (நம் வாத்தியார்கள்?) அந்த நன்றிக்குத்தான் பொம்மைக்கு ஜெர்ரி மஹோனி என்று பெயர். பிறகு அமெரிக்க டி.வி.யில் இருவரும் சக்கைப்போடு போட்டார்கள். செயற்கை இதயம் ஒன்றுக்கு 1963ல் பேட்டன்ட் வாங்கியதும் இதே வின்செல்தான்.

“ஓஹோ, அப்படியா” என்றார், புது பொம்மையின் டையைச் சரிசெய்தபடி.

பையன் வாசல்வரை வந்தான். “அங்கிள், அந்த ‘டக்’ சத்தத்துக்கு என்ன பண்றது?”

“பழைய டென்னிஸ் பால் இருந்தா மேல் துணியை உரிச்சு உள்ள ஒட்டு” என்றேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பரண் பக்கம் போனான்.