நகராட்சி எல்லையில் நிற்காத வெள்ளம்

நீடித்து நிலைக்கும் நகரங்கள் என்ற கருத்து நம் நாட்டில் பெரும் நிதியோடு களத்துக்கு வந்தது 2015 ஜூனில். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 100 நகரங்களை எடுத்துக்கொண்டது. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய், மாநிலத்தின் பங்கு அதே அளவு. குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான அம்ருத் திட்டம் 500 நகரங்களைத் தொட்டது. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. 2019-இல் வந்த காலநிலை மதிப்பீட்டு முறையோ நீர், குப்பை, எரிசக்தி, பசுமைப் பரப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு நகரங்களிடம் கணக்குக் கேட்டது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கணக்கு இல்லாத இடத்தில் கேள்வி எழுவதில்லை. குழாயில் எவ்வளவு கசிகிறது என்று தெரியாத ஊர் அதை அடைக்கப் போவதும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டங்களும் மதிப்பீடும் நகராட்சி எல்லைக் கோட்டையே தம் எல்லையாக வைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் தேர்வான 11 ஸ்மார்ட் சிட்டிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழைக்கு எந்த நகர வடிகாலும் ஈடுகொடுத்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் தூத்துக்குடியை மூழ்கடித்தது தெருவில் விழுந்த மழை மட்டுமல்ல. கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்த வெள்ளமும்தான். நகருக்குள் எத்தனை வடிகால் கட்டினாலும், மேலே இருக்கும் குளக்கரையைப் பார்க்காத திட்டம் அரைத் திட்டமே.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கின்றன. மலை ஓடை கண்மாயை நிரப்ப, மிஞ்சிய நீர் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலி இது. ராஜபாளையத்துக்கு இன்று தாமிரபரணித் தண்ணீர் வந்தாலும், மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இன்னும் அந்நகரின் குடிநீர் ஆதாரம். 2021 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும், ஓடை பிறக்கும் காடு வனத்துறையிடம். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய் நீர்வளத்துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்மேல் போகும் சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், தெரு வடிகால் நகராட்சியிடம். வரத்துக்கால் அடைபட்டால் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கும் ஐப்பசியில் வெள்ளத்துக்கும் அதுவே காரணமாகிறது. முழுப் பாதைக்கும் பதில் சொல்லும் அலுவலகம்தான் ஒன்றும் இல்லை.

மக்கள் நெருக்கம் மிகுந்த பெருநகரங்களுக்கே முதலில் பணம் போக வேண்டும் என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால், வளரும் நாடுகளில் நகர்ப்புறப் பாதிப்புக்கான வாய்ப்பு மிக வேகமாகப் பெருகுவது திட்டமிடாத குடியிருப்புகளிலும் சிறு, நடுத்தர நகரங்களிலும்தான் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கை சொல்கிறது. பெருநகரில் கட்டிய பிழையைத் திருத்துவதைவிட, வளரும் ஊரில் வரத்துக்காலைக் கட்டடம் ஏறாமல் காப்பது மலிவு. பழைய கண்மாய்கள் இன்றைய பெருமழையைத் தாங்குமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. தாங்காமலும் போகலாம். அதனால்தான் தூர்வாரி மண் அள்ளுவதோடு நிறுத்தாமல், கலுங்கின் அகலத்தையும் கரையின் உயரத்தையும் இன்றைய மழை அளவுக்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும்; கண்மாயைக் கைவிடுவதற்கு அது காரணம் ஆகாது. சிறு நகராட்சியில் அதற்கான பொறியாளர்கள் இல்லை என்ற வாதம் இங்கே செல்லாது. கிருஷ்ணன்கோவில் நகராட்சிகூட அல்ல; ஆனால் அங்கே கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றியுள்ள கண்மாய்களை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்வதைவிடப் பொருத்தமான கட்டுமானவியல் பாடம் அதன் மாணவர்களுக்கு எது?

மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. விருதுநகர் இயக்கம் மலையடிவாரத்திலிருந்து கடைசிக் கண்மாய் வரை ஒரே வரைபடம் தயாரித்து, வரத்துக்கால்களின் புல எண்களோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும். அந்த வரைபடத்தைப் பார்க்காமல் இந்தப் பகுதியில் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி தரக் கூடாது.